கத்தரிப்பூ நிறம்

செந்தூல். பின்னிரவு இரண்டே முக்கால்.
நாமே காசு போட்டுத் துவைத்துக்கொள்ளும் டோபிக் கடையில்
ஆறாம் எண் இயந்திரம்
அப்பாவின் படுக்கை விரிப்புகளைச் சுழற்றுகிறது.
இந்த வாரத்தில் நான்காம் முறை.
குளிர்நீருக்கு நான்கு ரிங்கிட், வெந்நீருக்கு ஐந்து.
மூத்திரத்துக்கு வெந்நீர்தான் சரி.
ஒரு ரிங்கிட்டில் இப்படியொரு அறிவு.

தரை துடைத்துக்கொண்டிருந்த பவளமணி
என் கண்களைப் பார்த்தாள்.
"கடைசியா எப்பண்ணே தூங்கினீங்க?"
பதில் சொல்ல
விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது.

இடுப்புப் பையிலிருந்து
சுண்டுவிரல் உயரக் குப்பி ஒன்றை எடுத்தாள்.
முன்பு பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் கடையில் இருந்தவள்.
"லாவெண்டர். தலகாணில ரெண்டு சொட்டு.
குடிச்சிகிடிச்சிடாதீங்க.
தோலுல தடவணும்னா
தேங்காயெண்ணெய் ஒரு கரண்டிக்கு ரெண்டே சொட்டு.
தலைவலின்னா நெத்திப்பொட்டுல.
சேலை அடுக்குல பஞ்சுல நனைச்சு வச்சா
பூச்சி அண்டாது."

"டிங்கிக் கொசுவுக்கு?"

"அதுக்கு வாளித் தண்ணியக் கவுத்துங்க."

துணி உலர இன்னும் இருபத்தாறு நிமிடம்.
கைப்பேசியில் தேடினேன்.
அந்தக் காலத்தில் குளிக்கும் நீரில் போட்டார்களாம்,
பிரசவ அறையில் புகைத்தார்களாம்,
மயங்கி விழுந்த சீமாட்டிகளின்
மூக்கருகே பிடித்தார்களாம்.
கழுவுதல் என்ற பழஞ்சொல்லில்
பிறந்த பெயர் என்கிறார் ஒருவர்,
கிடையவே கிடையாது என்கிறார் இன்னொருவர்.
டோபிக் கடையில் உட்கார்ந்திருப்பவன்
யார் பக்கம் சேர்வான்?

தூக்கத்துக்கு உதவலாம், என்றது ஓர் ஆய்வு.
உதவலாம்.
அந்த 'லாம்' மேல் தலை வைத்துப் படுக்கும் நிலைக்கு
வந்திருந்தேன்.

செடியை நான் பார்த்ததில்லை. அவளும்தான்.
குப்பியில் அச்சடித்த பூவைக் காட்டி
இது என்ன கலர் என்றேன்.
துடைப்பத்தை நிறுத்தாமலே சொன்னாள்:
"கத்தரிப்பூ கலரு."

எங்கோ குளிர்மலைச் சரிவில் பூப்பது
எங்கள் பிளாட்டின் ஐந்தாம் மாடி நடைபாதையில்
எதிர்வீட்டு மெய்யப்பன்
எண்ணெய் டின்னில் வளர்க்கும் செடியின்
பெயரைச் சொல்லிக்கொண்டு
என் சட்டைப்பையில் ஏறியது.

வீட்டில்
அப்பாவை ஒருக்களித்துப் புரட்டி,
சூடு ஆறாத விரிப்பைப் பாதி விரித்து,
மறுபக்கம் புரட்டி, மீதியை இழுத்தேன்.
இரண்டு சொட்டு என்றுதான் சாய்த்தேன்.
கை நடுங்கி ஐந்தாறு விழுந்தது.

வாதம் வலக்கையையும்
பேச்சில் முக்காலையும் கொண்டுபோன மனிதர்
மூக்கைச் சுருக்கினார்.
நெடுநேரம் எதையோ தேடினார்.
வாய்க்குள் சொல் புரண்டது.
நான் குனிந்தேன்.

"கக்... கூஸ்."

அட, ஆமாம்.
ஆஸ்பத்திரிக் கழிப்பறையில்,
கோயில் மண்டபத்துக் கழிப்பறையில்,
பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறையில்,
நாடு முழுவதும் ஊற்றிக் கழுவுகிற
அதே ஊதாத் தண்ணீரின் வாசம்!
ஒன்பது ரிங்கிட் பெறுமான குப்பியைக்
கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் வாயின் ஒரு பாதி சிரித்தது.
இன்னொரு பாதியும்
கொஞ்சம் கூட வந்தது.
எனக்கும் பிய்த்துக்கொண்டது சிரிப்பு.
நிறுத்த முடியவில்லை.
மேல்மாடியில் யாரோ
தரையைத் தட்டினார்கள்.

எப்போது அவர் குறட்டைக்குள் போனார்
என்று கவனிக்கவில்லை.
பூ செய்ததா, சிரிப்பு செய்ததா,
வெறும் அலுப்பா,
எந்த ஆய்வும் எங்கள் அறைக்குள் வந்து
எண்ணிப் பார்க்கவில்லை.

நாற்காலியில் சாய்ந்து
ஒருமுறை இழுத்து மோந்தேன்:
சோப்பு, அதற்கடியில் இன்னும் போகாத மூத்திரம்,
அதற்கும் மேலே
கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ ஒன்று.

ஐந்து மணிக்கு
அவரைத் திருப்பிப் படுக்கவைக்க
நான் வைத்திருந்த அலாரம்
அரைமணி நேரம் அடித்ததாம்.

மெய்யப்பன்தான் சொன்னார்,
டின்னுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.